கால்வாயில் துரைசாமி மாமா

ஹடப்சர், புனே
8.9.1998

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

ஸ்ரீலக்ஷ்மி வணக்கத்துடன் எழுதுவது. நடந்ததை நடந்தபடி எழுதுவேன், கூட்டவும் குறைக்கவும் மாட்டேன் என்று ஸ்டேஷனில் உங்களிடம் சொன்னேன். அதன்படியே எழுதுகிறேன்.

பிள்ளையார் கரைத்தபோது நீங்கள் எடுத்த படங்களில் இருப்பவர்களின் பெயர் கேட்டிருந்தீர்கள். மார்பளவு தண்ணீரில் பிள்ளையாரைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்பவர் எங்கள் எதிர்வீட்டுத் துரைசாமி மாமா. கயிறு பிடித்திருப்பவர் இஸ்மாயில் அண்ணன், ஆட்டோ ஓட்டுகிறார். மாமா அன்று கம்பெனிக்கு முதுகுவலி என்று லீவு சொல்லியிருந்தாராம். "புள்ளையாரத் தூக்கினதுல வலி போயிடுச்சு" என்கிறார்.

நீங்கள் கால்வாய்க் கரையில் குப்புறப் படுத்திருந்ததைப் பார்த்து, "ஒங்க கொழுந்தனாரு படம் எடுக்கிறாரா, மீன் புடிக்கிறாரா?" என்று மாமாவின் மனைவி பவுன் அத்தை கேட்டார். அம்மா இன்னும் சிரிக்கிறார். உங்கள் சட்டையில் ஒட்டிய குலால் வண்ணப்பொடி போனதா? இங்கே தரையில் நீங்கள் உட்கார்ந்த இடம் இன்னும் ரோஜா நிறத்தில்தான் இருக்கிறது.

அன்புடன்,
ஸ்ரீலக்ஷ்மி


ஆலப்புழை
27.9.1998

லக்ஷ்மிக் குட்டிக்கு,

சித்தப்பாவின் ஆசிகள். காயல் ஓரத்து டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். சட்டையைச் சலவைக்காரர், கறை போகாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பல வருஷமாகத் தண்ணீரோரமாகவே திரிகிறேன். திருவிழாவோ போராட்டமோ சாவோ, நம் ஜனங்கள் கடைசியில் தண்ணீருக்குத்தான் வந்து சேர்கிறார்கள். தண்ணீர் எதையும் வைத்துக்கொள்வதில்லை. மறுநாள் போய்ப் பார்த்தால் அங்கே எதுவும் நடக்காதது போல இருக்கும். அதனால்தான் நான் எடுத்து வைக்கிறேன். படத்தின் கீழே வெறுமனே 'கூட்டம்' என்று போட எனக்கு மனசு வராது. ஓர் ஆளுக்காவது பெயர் இருக்க வேண்டும்.

நம் வாரப் பத்திரிகையின் நடுப்பக்கம் முழுக்க உன் மாமாதான். பெயர், ஊர் எல்லாம் போட்டாயிற்று. புனேயின் ஆங்கிலப் பேப்பர் ஒன்றும் கேட்டு வாங்கிப் போட்டிருக்கிறது. மாமாவிடம் காட்டு. சந்தோஷப்படுவார்.

உன் சித்தப்பா,
பக்தவத்சலம்


ஹடப்சர்
6.10.1998

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

மாமா சந்தோஷப்பட்டார், ஒரு நாள். மறுநாள் அந்த ஆங்கிலப் பேப்பர் அவருடைய மேனேஜரின் மேஜைமேல் இருந்தது. பொய்யாக லீவு எடுத்ததற்கு சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். விசாரிக்க ஓர் அதிகாரி வீட்டுக்கே வருவாராம். வேலை போகுமோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள்.

பவுன் அத்தை குழாயடியில் அம்மாவிடம், "படத்துல எங்க வூட்டுக்காரரு சினிமா ஹீரோ கணக்கா இருக்காரு. இனிமே சினிமாவுலதான் நடிக்கணும்" என்றார். அம்மா பாதிக் குடத்தோடு திரும்பி வந்துவிட்டார்.

சித்தப்பா, போன வருஷமும் நீங்கள் பிள்ளையார் கரைக்கும் விசர்ஜனத்துக்கு வந்திருந்தீர்கள். மாமாவின் படம் போன வருஷம் எடுத்தது என்று கையெழுத்துப் போட்டு ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அது போதும். யாரும் என்னைக் கேட்கச் சொல்லவில்லை, அப்பாவுக்கும் தெரியாது. இது பொய் என்று தெரிந்துதான் கேட்கிறேன். பெயரை எழுதிக் கொடுத்தது நான்தானே.

சீக்கிரம் எழுதுங்கள்.

ஸ்ரீலக்ஷ்மி


பாட்னா
21.10.1998

லக்ஷ்மிக் குட்டிக்கு,

உன் கடிதம் சென்னைக்குப் போய், என்னைத் தேடி இங்கே வந்து சேர்ந்தது. இரண்டு நாளாகப் பதில் எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

என்னால் முடியாது, அம்மா.

முன்பு இந்தப் பக்கத்தில் திருவிழாக் கூட்டத்தோடு ஒரு படகு கவிழ்ந்தது. அது கரையை விட்டுக் கிளம்பும்போது படம் எடுத்தவன் நான். அளவுக்கு மேல் ஆள் ஏற்றவே இல்லை என்கிறார் படகுக் குத்தகைக்காரர். ஏற்றினார் என்று என் படம் சொல்கிறது. நாளை நான் சாட்சி சொல்ல வேண்டும். இறந்தவர்களின் வீட்டார் கோர்ட்டு வாசலில் படுத்துக் கிடக்கிறார்கள். இவர் தேதியை மாற்றி எழுதித் தருகிறவர் என்று யாராவது ஒரு காகிதத்தை நீட்டினால், அந்தப் படம் அத்தோடு செத்தது.

எழுதினாலும் நிற்காது. பிள்ளையாருக்குப் பின்னால், கரையில் முடியும் உங்கள் தெருமுனையில், விழாக் குழுவான மண்டலின் போர்டு தெரிகிறது. 'வருஷம் 12' என்று மராத்தியில் பெரிதாக எழுதியிருக்கிறது. போன வருஷம் பதினொன்று. அதனால் நீயும் யாரிடமும் எதுவும் மாற்றிச் சொல்லிவிடாதே. மாமா உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கட்டும்.

அவர் முதுகுவலி லீவில் இருந்தார் என்று நீ எழுதியிருந்தாய். நான் படித்துச் சிரித்துவிட்டு, பெயரை மட்டும் எடுத்துக்கொண்டேன். தண்ணீரில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கத் தெரிந்த எனக்கு, அந்த மனிதர் யாருக்குத் தெரியாமல் நிற்கிறார் என்று யோசிக்கத் தோன்றவில்லை. தப்பு என்னுடையது. உன்னுடையது இல்லை.

சித்தப்பா


ஹடப்சர்
2.11.1998

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே அதிகாரி வந்துவிட்டார்.

அக்கம்பக்கத்து ஆட்கள் என்று எங்களையும் மாமா வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். அவர் கோபமாக வரவில்லை. பவுன் அத்தை கொடுத்த டீயைக் குடித்தார். பேப்பரை விரித்து, இது இந்த வருஷம்தானே என்று மாமாவிடம் இந்தியில் கேட்டார். மாமா வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்: "இல்லை சார், போன வருஷம். என் சித்தப்பா எடுத்தார். பெயர் எழுதிக் கொடுத்தது நான்." குரல் நடுங்கவே இல்லை. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அதிகாரி மாமாவைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, குழந்தை சொல்வது சரிதான் சாப் என்றார்.

அதிகாரி டீயைக் கீழே வைத்துவிட்டார். படத்தில் போர்டின்மேல் விரலை வைத்தார். அதே போர்டை வரும்போது தெருமுனையில் பார்த்தேன், இன்னும் கழற்றவில்லை என்றார். "லீவு விஷயத்தை எச்சரிக்கையோடு விட்டிருப்பேன். ஒரு சின்னப் பெண்ணுக்குப் பொய் சொல்லிக் கொடுத்திருக்கிறாயே" என்றார். மாமா அப்போதும் மறுக்கவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்று நான் அழுதுகொண்டே சொன்னேன். அதுவும் சொல்லிக் கொடுத்ததுதான் என்று நினைத்துக்கொண்டார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்று நான் சொன்னது உண்மை.

உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் மாமா இருந்தாராம். அத்தை பிறகு சொன்னார்.

மறுவாரம் வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். ஏன் அப்படித் தலையாட்டினீர்கள் என்று அப்பா கேட்டதற்கு மாமா, "அந்தப் புள்ள எனக்காகத்தானங்க சொல்லிச்சு. அத்தினி பேருக்கு முன்னால அது பொய்யின்னு நான் எப்படிச் சொல்றது?" என்றார்.

நீங்கள் கையெழுத்துப் போடாதது சரிதான். படகில் போனவர்களை நினைத்துப் பார்த்தேன். கோபப்படலாம் என்றால் கோபம் வரவில்லை. ஆனால் இனிமேல் பெயர் கேட்டு எனக்கு எழுதாதீர்கள். நீங்கள் வந்தால் வணக்கம் சொல்வேன், சாப்பாடு பரிமாறுவேன். கரைக்கு மட்டும் உங்களோடு வரமாட்டேன்.

மாமாவும் அத்தையும் இன்று ஊருக்குப் போகிறார்கள், வாணியம்பாடிக்கு. இஸ்மாயில் அண்ணன் ஆட்டோவில் மூட்டைகளை ஏற்றிவிட்டார். அம்மா வழிக்குப் புளிசாதம் கட்டிக் கொடுத்தார். அத்தை அதை வாங்கி மூட்டைமேல் வைத்துவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டார். நான் ஜன்னலருகில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வெளியே போக எனக்குத் தைரியம் இல்லை.

மாமா கடைசியாக ஒருமுறை வீட்டுக்குள் போனார். சமையலறை விளக்கை அணைத்தார். பிறகு முன்னறை விளக்கையும் அணைத்தார்.

ஸ்ரீலக்ஷ்மி