கையில் போன் இருக்கவில்லை

கல்லடி,
மட்டக்களப்பு.
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் மேனுகாவுக்கு,

நானும் அம்மாவும் உடம்புக்குச் சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகனும் ஆர்த்திகாக் குட்டியும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாமாங்கேஸ்வரரை வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். உடம்புக்கு என்று எழுதியதைக் கவனித்திருப்பாய், மற்றதைக் கீழே சொல்கிறேன். இந்தக் காலத்தில் அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார், போனுக்கு என்ன வந்தது என்று நினைப்பாய். போனுக்கு ஒன்றுமில்லை, நீ அனுப்பிய காதில் மாட்டுகிற கருவியும் நன்றாகத்தான் இருக்கிறது, இரண்டும் அலுமாரிக்குள் கிடக்கின்றன. நான் சொல்லப்போவதைப் போனில் சொன்னால் நீ காரை ஓட்டிக்கொண்டுதான் கேட்பாய், உனக்கு என்னோடு கதைக்கக் கிடைக்கிற நேரம் அதுதான். கடிதத்தை அப்படி வாசிக்க முடியாது. உன்னோடு படித்த மதுரன் புதன்கிழமை கனடாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். ஆர்த்திகா நித்திரையான பிறகு ஒரு கதிரையில் இருந்து ஆறுதலாக வாசி.

அம்மாவுக்குச் சீனி கொஞ்சம் கூடியிருக்கிறது, குளிசை போடுகிறாள், ஆனால் சோறு சரியாகச் சாப்பிடுவதில்லை. கல்குடாவில் அழகரத்தினம் மாமா வீட்டுக்கு ஓடு மாற்றுகிறார், மழைக்கு முன் முடியாது என்று நான் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டார். வாவியில் இந்த முறை இறால் இல்லையென்றே சொல்லலாம். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான், அம்மா போனில் சொல்லியிருப்பாள். அவள் சொல்லாத ஒன்று இருக்கிறது, சொல்லக்கூடாது என்று நான்தான் அவளை மறித்து வைத்திருந்தேன். ஏழு கிழமையாக வேன் கராஜில் நிற்கிறது, கியர் பெட்டி பழுது என்று உனக்குச் சொன்னோம் அல்லவா, அது பொய். வேனில் ஒரு பழுதும் இல்லை. அது பொலிஸ் நிலைய வளவில் நிற்கிறது. மகள், என்னுடைய வேனில் அடிபட்டு ஒரு பிள்ளையின் தாய் இறந்துபோனாள்.

முதலில் உனக்கு என்னுடைய பெருமையைச் சொல்ல வேண்டும், அது இல்லாமல் மற்றது விளங்காது. வண்டி ஓடும்போது போனைக் கையில் பிடிக்கக்கூடாது என்ற சட்டத்தைப் பொலிஸ் இறுக்கிப் பிடிக்கத் தொடங்கியபோது கல்லடிப் பாலத்தடியில் தினமும் மறித்தார்கள். ஒரு மாதம் எல்லோருடைய கையும் சுத்தமாக இருந்தது. பிறகு பார்த்தால் மோட்டார் சைக்கிள்காரன் போனை ஹெல்மெட்டுக்குள் சொருகிக்கொண்டு கதைக்கிறான், ஆட்டோக்காரன் மடியில் வைத்துக்கொண்டு கதைக்கிறான். எங்கள் ஸ்கூல் வேன்காரர்கள் ஒரு வட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள், பொலிஸ் எந்தச் சந்தியில் நிற்கிறது என்று அதில் ஒருவருக்கொருவர் போடுவார்கள், போன் பார்த்தால் பிடிப்பார்கள் என்ற செய்தியை ஓடிக்கொண்டே போனில் பார்ப்பார்கள். இந்தக் கூத்துக்கெல்லாம் நான் போகவில்லை. நீ அனுப்பியதைக் காதில் மாட்டினேன், இரண்டு கையும் ஸ்டியரிங்கில். பிள்ளைகளுடைய தாய் தகப்பன்மார் கூட்டத்தில் என்னை எழுப்பி, நல்லரத்தினம் அண்ணனைப் பார்த்துப் பழகுங்கள் என்று மற்ற வேன்காரர்களுக்குச் சொன்னார்கள். அன்று வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு அதை மூன்று தரம் சொன்னேன்.

காத்தான்குடியில் இன்ஷிரா என்று ஒரு பிள்ளை, வயது ஏழு, நம்முடைய ஆர்த்திகாவின் வயது. வீடு கடற்கரைப் பக்கம். தாய் ஸுஹைனா காலையில் அவளை வீதிக்கு இந்தப் பக்கம் கூட்டி வந்து வேனில் ஏற்றிவிட்டு, வேனுக்கு முன்னால் மஞ்சள் கடவையால் திரும்பிப் போவாள். நான் கையைத் தூக்கிப் போங்க என்று காட்டுவேன், அவள் கடப்பாள், பிறகுதான் நான் கியரைப் போடுவேன். இரண்டு வருடமாக ஒரு நாள் தவறாமல் இப்படித்தான். அவள் என்னுடைய முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பாள். கை எழும்பினால் இறங்குவாள்.

நீ போன் எடுக்கிற நேரமும் அதுதான். எனக்கு ஆறே முக்கால், உனக்கு இரவு ஒன்பது தாண்டும், முதியோர் இல்லத்து வேலைக்குக் காரில் போய்க்கொண்டிருப்பாய். வேனில் உள்ள பிள்ளைகளுக்குக்கூட உன்னைத் தெரியும், கதை முடிகிற நேரம் பாய் அன்ரி என்று கத்துவார்கள். அன்று இன்ஷிராவை ஏற்றுகிற நேரம் நீ ஆர்த்திகாவுக்குக் காய்ச்சல் என்றாய், லீவு கேட்டுத் தரவில்லை, பிள்ளையை விட்டுப்போட்டுப் போறன் என்று அழுதாய். காய்ச்சல் மாறிவிடும், மனதைப் போட்டு உழப்பாதே, நீ போ மகள், போ என்று சொன்னேன். எங்கள் வீட்டில் யாரையும் போ என்று மட்டும் சொல்லி அனுப்புவதில்லை, போயிட்டு வா என்றுதான் சொல்வோம், அன்று பின்பாதி என்னுடைய வாயில் வரவில்லை. வலப்பக்கக் கண்ணாடியில் பின்னால் ஒரு பஸ் வந்தது, அது போகட்டும் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், போனதும் வேனை எடுத்தேன். ஏதோ முட்டியது போல இருந்தது. பிள்ளைகள் கத்தினார்கள். நீ அதை வழக்கமான பாய் அன்ரி என்று நினைத்திருப்பாய். நான் பேந்து எடுக்கிறன் என்று வைத்துவிட்டேன்.

வேகம் என்று ஒன்றும் இல்லை மகள், ஒரு மனிதன் நடக்கிற வேகம்கூட இல்லை. முன் மூலை அவளுடைய இடுப்பில் தட்டியிருக்கிறது, வீதி நடுவில் பேரீச்சை நட்டிருக்கிற கட்டின் விளிம்பில் தலை அடிபட்டது. ஆட்டோவில் நானேதான் தூக்கிக்கொண்டு ஓடினேன். பொலிஸில் வாக்குமூலம் எடுத்தவர் கேட்டது, ஓடும்போது போன் கையில் இருந்ததா என்று. இல்லை என்றேன். அவர் எழுதிக்கொண்டார். காதில் என்ன இருந்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடக்கச் சொல்லிச் சைகை காட்டினீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அந்த நேரம் நான் பொய் சொல்லவில்லை, எனக்கு அப்படித்தான் தெரிந்தது, கண்ணாடியைப் பார்த்ததுதான் நினைவில் இருந்தது. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக் கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன். வேனுக்குள் இருந்த பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை.

ஸுஹைனா நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அறிவு வந்துபோய்க்கொண்டு இருந்ததாம், வருகிற நேரமெல்லாம் ஒரே பேச்சாம், அண்ணன் கை காட்டினாரு, அதாலதான் நான் இறங்கின என்று. தலையில் அடிபட்டதால் பிசத்துகிறாள் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். புருஷன் ஷிஹான் கட்டாரில் இருந்து வந்து அவளுடைய வாயாலேயே அதைக் கேட்டிருக்கிறான். மௌத்தான அன்று வார்ட்டுக்கு வெளியே என்னிடம் வந்தான், சட்டையைப் பிடித்து அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அவ பொய் பேசுற ஆள் இல்ல அண்ணன், நீங்க காட்டினீங்களா, அத மட்டும் சொல்லுங்க என்றான். இல்ல தம்பி, என்ட புள்ளையாணை நான் காட்டல்ல என்றேன். எனக்கு இருப்பது ஒரே பிள்ளை, நீ. உன்னை வைத்துத்தான் ஆணையிட்டேன்.

அதன் பிறகு ஊர் பேசத் தொடங்கியது. பார்க்காமல் பாய்ந்தாளாம், பிள்ளையை நினைக்காமல் அவசரப்பட்டாளாம், பாவம் நல்லரத்தினம் அண்ணன், அவருடைய கையில் போன்கூட இருக்கவில்லை. இப்படிச் சொல்லிச் சொல்லி என்னை ஆறுதல்படுத்தினார்கள். எனக்கும் அது இதமாகத்தான் இருந்தது, உன்னிடம் மறைக்க மாட்டேன்.

மூன்று கிழமை கழித்து ஒரு மதியம் அழகரத்தினம் மாமா ஓடு பற்றிக் கதைக்க எடுத்தார். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு, ஓட்டுக் கடைக்கு நீயே போ என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா சோற்றுப் பீங்கானோடு வாசலில் வந்து நின்றதை நான் காணவில்லை. கதை முடிந்து பசியோடு இருந்து பார்த்தேன், சோறு வரவில்லை. ஏன் புஸ்பம், சாப்பாடு இல்லையா என்று கூப்பிட்டேன். அவள் குசினிக்குள் இருந்து, நீங்கதானே போகச் சொல்லிக் கை காட்டினீங்க, மறுகா ஏன் கூப்பிடுறீங்க என்றாள். நான் எங்கே காட்டினேன் என்று சண்டைக்குப் போனேன். அவள் வெளியே வந்து, மாமாவோட நீ போ நீ போ எண்டு சொல்லக்குள்ள காட்டினீங்க, உங்கட கையக் கட்டிப்போட்டா உங்களுக்குக் கதையே வராதே என்று சொல்லிக் கையைத் தூக்கி ஆட்டிக் காட்டினாள். விரல்கள் வெளியே போகிற அதே ஆட்டல். நான் ஸுஹைனாவுக்குக் காட்டுகிற அதே கை. சொல்லி முடித்தவுடன் அம்மாவுக்கும் விளங்கிவிட்டது, பீங்கானை அப்படியே நிலத்தில் வைத்துவிட்டு இருந்துவிட்டாள். அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

போ என்று நான் சொன்னது உன்னிடம். போனது அவள்.

இந்தச் சட்டம் சரிவருமா என்று வேன்காரர்கள் இப்போதும் சந்தியில் நின்று வாதாடுகிறார்கள். என்னிடம் கேட்டால், என்னில் அது முழுக்கச் சரிவந்தது. கையில் இருந்த போனை எடுத்துவிட்டது. பழைய மாதிரி போனைக் காதோடு பிடித்துக் கதைத்திருந்தால் அந்தக் கை எழும்பியிருக்காது, ஸுஹைனா இறங்கியிருக்க மாட்டாள் என்று நினைக்கிறபோது எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது. சட்டம் பிழை என்று சொல்ல வரவில்லை, அது இல்லாவிட்டால் இதைவிடக் கேவலமாக இருக்கும். ஆனால் அது கையைத்தான் பார்க்கிறது, என்னுடைய நினைவு முழுவதும் கனடாவில் காய்ச்சலோடு கிடந்த ஒரு குழந்தையிடம் இருந்ததை எந்தப் பொலிஸ் மறித்துப் பார்ப்பது. கை சும்மா இருந்ததால் நான் நல்ல சாரதி என்று நானே நம்பினேன்.

வழக்கு வருகிற இருபத்தாறாம் திகதி. கை காட்டினேன், காதில் கருவியை மாட்டிக்கொண்டு போனில் கதைத்தேன் என்று நீதவானிடம் சொல்லப்போகிறேன். வக்கீலுக்குக் கோபம். வாக்குமூலத்தில் இல்லாததை நீங்களாகப் போய் ஏன் சொல்கிறீர்கள், லைசன்சும் போகும் உள்ளேயும் போவீர்கள் என்கிறார். போகட்டும். முந்தாநாள் ஷிஹான் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே சொன்னேன், இருக்கச் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அவ சொன்னது உண்மை தம்பி, நான் காட்டினன், அவக்கெண்டு காட்டல்ல, ஆனா காட்டினன் என்றேன். ஷிஹான் உள்ளே திரும்பி இன்ஷிராவைக் கூப்பிட்டான். உம்மா பாக்காமப் பாயல்ல மகள், உம்மா சொன்னது சரி, இந்தா இவரே சொல்றாரு என்றான். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்து, எனக்குத் தெரியுமே, அங்கிள் மேனுகா அன்ரியோட கதைச்சவரு என்றது. ஏழு கிழமை அது அதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறது மகள். ஷிஹான் கதவைச் சாத்தினான். நான் கல்லடிவரை நடந்தே வந்தேன்.

இதில் உன்னுடைய பிழை ஒன்றும் இல்லை, இதை ஒரு தரம் வாசித்துவிட்டு விடாதே, திரும்ப வாசி. தகப்பனை எடுத்து அழாமல் வேறு யாரிடம் அழுவாய். எடுத்தது உன்னுடைய உரிமை, எடுத்ததற்குப் பதில் சொன்னது என்னுடைய பிழை. இதை உன்னிடம் சொல்லாமல் செத்துப்போகலாம் என்றுதான் இருந்தேன், கோர்ட்டில் சொன்னால் எப்படியும் உன்னுடைய காதுக்கு வரும், வேறு வாயால் வரக்கூடாது. இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் என்னை எழுத வைத்தது. நீ என்னோடு கதைக்கிறபோது இடையிடையே டிக் டிக் என்று ஒரு சத்தம் கேட்கும். நீ காரைத் திருப்பச் சிக்னல் போடுகிற சத்தம். இத்தனை வருடமும் அதைக் கேட்டுக்கொண்டு, பிள்ளை சந்தியில் திரும்புகிறாள் என்று எனக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன், வையடி போனை என்று ஒரு நாள் சொல்லவில்லை. உங்கள் நாட்டில் சட்டம் இன்னும் கடுமை, ஸ்டாண்டில் வைத்துக் கதைத்தால் குற்றமில்லை என்று நீ சொல்வாய். எனக்கும் குற்றம் இருக்கவில்லை. உன்னுடைய பெயரில் பொய்யாணை இட்டுவிட்டு அந்த டிக் டிக் சத்தத்தை நினைத்தால் எனக்கு நித்திரை வருவதில்லை. ஆணை பலிக்குமா பலிக்காதா என்று எனக்குத் தெரியாது. அதைத் திரும்ப எடுக்கிறதற்குத்தான் ஷிஹான் வாசலுக்குப் போனேன், அதற்குத்தான் கோர்ட்டுக்கும் போகிறேன்.

ஆர்த்திகாவுக்குப் பனியில் கவனம், காய்ச்சல் என்றால் உடனே டாக்டரிடம் காட்டு. மருமகனிடம் இதை நீயே சொல்லு. அம்மாவை அடிக்கடி எடுத்துக் கதை, அவள் உள்ளுக்குள் உடைந்துபோய் இருக்கிறாள், கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும், எனக்கு வேறு ஒரு வேண்டுதலும் இல்லை.

ஒன்றை மட்டும் மறக்காதே. இனிமேல் காரில் ஏறிக்கொண்டு போறன் அப்பா என்று எடுக்காதே. போய்ச் சேர்ந்து, காரை நிறுத்தி, கதவைச் சாத்தி, இரண்டு காலும் நிலத்தில் நின்ற பிறகு எடு. எடுத்து வந்திட்டன் என்று சொல்லு. நான் வீட்டில் இல்லாவிட்டாலும் அம்மா எடுப்பாள், அந்த ஒரு சொல் எனக்கு வந்து சேரும்.

அன்று பாதியில் விட்டதை இப்போது முழுதாகச் சொல்கிறேன். போயிட்டு வா மகள்.

உன் அப்பா,
க. நல்லரத்தினம்