தொட்டிச் செடியை ஏரியில் விட வேண்டாம்

அத்தை,

சாப்பாடு அடுப்பு மேலே மூடியிருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். இன்னொரு சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கிறது.

நேற்று வந்ததும் வராததுமாக நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. நடு ஏரியில், களை அள்ளும் எங்கள் படகின் அடியில் சுழலும் விசிறியில் ஆகாயத்தாமரை சுற்றிக்கொண்டது. குப்புறப் படுத்துக்கொண்டு, கை மரத்துப்போகும்வரை அறுத்தோம். வீட்டுக்கு வந்தால் பால்கனித் தொட்டியில் அதே செடி பளபளவென்று நிற்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்துவிட்டது.

"உனக்குப் பிடிக்கலன்னா ஏரியிலயே கொண்டுபோய் விட்டுடறேன்மா, அதுவாவது பொழைச்சுப் போகட்டும்" என்றீர்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்துவிடாதீர்கள். அது பிழைத்துக்கொள்ளும், ஏரிதான் பிழைக்காது. சாக்கடையிலும் கொட்ட வேண்டாம்.

தொட்டியிலேயே இருக்கட்டும். பக்கத்தில் கிளைக்கும் குட்டிகளை மட்டும் கிள்ளி மொட்டைமாடியில் காயப்போடுங்கள். மனசு வரவில்லை என்றால் விட்டுவையுங்கள், நான் வந்து கிள்ளுகிறேன்.

மாமா போன பிறகு நீங்கள் ஆசைப்பட்டு வாங்கியது இது ஒன்றுதான் என்று உங்கள் பிள்ளை சொன்னார். எனக்குத் தெரியாது அத்தை.

பி.கு. செருப்பு மாட்டும்போது பார்த்தேன், பூத்திருக்கிறது! இத்தனை வருஷமாக அள்ளி அள்ளிக் கரையில் கொட்டுகிறேன், ஒருநாளும் அந்தப் பூவை நின்று பார்த்ததில்லை. எழுந்ததும் முதலில் பால்கனிக்குப் போங்கள், அது ரொம்ப நேரம் தாங்காது.

பார்த்துக்கொண்டே நின்றதில் பஸ்ஸை விட்டுவிட்டேன்.