ஃபோல்டரில் போட்டது நான்தான்

ஈப்போ,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கோகிலன் அண்ணனுக்கு,

தினேஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லாரும் நலம். நீங்கள் ஜொகூரில் கிடங்கு ஒன்றில் மூட்டை தூக்குவதாக உங்கள் அம்மா சொன்னார். எந்தக் கம்ப்யூட்டர் கடையிலும் உங்களை எடுக்கவில்லையாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தோட்டத் தொழிலாளர் லயத்தில் பாதி வீடுகளை இடித்துவிட்டார்கள். உங்கள் வீடு இன்னும் இருக்கிறது. சாயங்காலம் போய் அம்மாவுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுக்கிறேன்.

நம் கம்ப்யூட்டர் கடையில் உங்கள் இடத்துக்குப் புதிதாக வந்தவர், நீங்கள் வேலை பார்த்த அந்தக் கம்ப்யூட்டரைச் சோதித்தார். பிரிண்டர் இன்ஸ்டாலர் வைத்திருந்த ஃபோல்டரில் வைரஸ் ஒன்று கிடந்ததாம். நீங்கள் பாஸ்வர்ட் போட்டு இன்ஸ்டாலரைத் திறந்ததும், அது பக்கத்தில் கிடந்த வைரசையும் தன்னுடைய ஃபைல் என்று எடுத்துக்கொண்டதாம். உங்களுக்கு இருந்த அதிகாரம் முழுவதும் வைரசுக்கும் கிடைத்துவிட்டது. அம்பிகை டீச்சர் நம்பிக் கொடுத்த, இறந்துபோன அவர் கணவரின் குரல் பதிவுகள் அழிந்தது அப்படித்தான்.

அண்ணே, அதை அங்கே போட்டது நான். ஒரு வாடிக்கையாளரின் பென்டிரைவை எங்கே இறக்குவது என்று உங்களிடம் கேட்கக் கூச்சப்பட்டு, அதே ஃபோல்டரில் இறக்கினேன். "இன்ஸ்டாலர் இருக்கிற எடத்துல வேற எதையும் போடாத லா" என்று முதல் நாளே சொல்லியிருந்தீர்கள்.

ராமையா முதலாளி, "யாரு பாத்த வேல இது?" என்று கத்தியபோது என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். பிறகு, "நான்தான் பாஸ்" என்றீர்கள். நான் ஒயரைச் சுற்றிக்கொண்டு நின்றேன். அன்றே உங்களை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்.

நேற்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். "அவன் போயி நாலு மாசமாச்சு. இப்ப வந்து சொல்ற. போ, வேலயப் பாரு" என்றார். அம்பிகை டீச்சர் வீட்டுக்கும் போனேன். "அந்தப் பிள்ளையை நான் கண்டபடி ஏசிப்போட்டனே" என்றார். என்னைத் திட்டவேயில்லை. திட்டியிருக்கலாம்.

நடந்ததைத் தனித்தாளில் மலாயில் எழுதி, என் அடையாள அட்டை எண்ணும் கையெழுத்தும் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். படிவம் மூன்றோடு பள்ளிப் படிப்பை நிறுத்தியவள், பிழை இருக்கும். வேலை கேட்டுப் போகும் இடத்தில் அதைக் காட்டுங்கள். சின்னப் பிள்ளை பெயர் கெட்டுவிடும் என்று மட்டும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள் அண்ணே. இந்த ஒரு தடவை என்னைக் காப்பாற்ற வேண்டாம்.

இப்படிக்கு,
தினேஸ்வரி