பின் சீட்டு

பிப்ரவரி 4

அன்புள்ள அத்தானுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? இங்கே நானும் உங்கள் தங்கச்சியும் நலம். என் இடுப்பு மட்டும், வண்டிக்கு அடியில் போய் வந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நாம் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் "ம்" என்பீர்கள், நான் "ம்" என்பேன். அக்கா பேச்சு வந்துவிடுமோ என்ற பயத்திலேயே இரண்டு பேரும் வைத்துவிடுவோம். எழுதினால் அந்தத் தொல்லை இல்லை.

அக்கா போய் ஒன்றரை வருஷம் ஆகப்போகிறது. உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் வரைபடத்தில் அவள் சிவப்பு மையால் கோடு இழுத்து இருபது வருஷம் இருக்குமா? வாசலில் தொடங்கி, இரண்டு கண்டம் தாண்டி, சாலை முடிந்து கடல் ஆரம்பிக்கிற இடம் வரை. "நான் ஓட்டுறேன். தம்பி ரிப்பேர் பாக்கட்டும். நீங்க மேப்பப் பிடிச்சிக்கிட்டு வாய மூடிட்டு வாங்க" என்று வேலையைப் பிரித்துக்கொடுத்தாள். கால்நடை டாக்டர் அல்லவா, மாட்டை அதட்டுவது போலவே நம்மையும் அதட்டினாள். ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒன்று குறுக்கே வந்தது. கடைசியில் அவள் நோய் வந்தது.

நாம் இருவராவது போகலாம் என்று நீங்கள் சொன்ன நாளிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. மூன்று வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று புத்தம்புதுசு, பெரியது, எல்லாம் கம்ப்யூட்டர். பாலைவனத்தில் ஒரு சென்சார் போனால் நகராது, நாம் இருவரும் அதைச் சுற்றி வந்து கும்பிடலாம். இரண்டாவது வேன். உள்ளேயே படுக்கலாம், சமைக்கலாம், ஆனால் வயிறு தரையில் தட்டும். மூன்றாவது பழைய நாலு சக்கர டிரைவ் டீசல் வண்டி. பார்க்க அலமாரி மாதிரி இருக்கும். சுத்தியலும் ஸ்பானரும் உள்ள எந்த ஊரிலும் சரி செய்துவிடலாம். என் மனசு அதில்தான். உங்கள் யோசனையை எழுதுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை


பிப்ரவரி 15

அன்பு மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். இனி எழுதியே பேசுவோம், அதுதான் நமக்குச் சரி.

லைசென்ஸ் வாங்குவதற்கான பரீட்சை அடுத்த வாரம். வரைபட அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தியவனுக்கு உலகத்தில் எல்லாச் சாலையும் தெரியும், ஒன்றில்கூட வண்டி ஓட்டத் தெரியாது. உன் அக்கா இருந்தவரை அதற்குத் தேவையும் வரவில்லை. டிரைவிங் ஸ்கூலில் எனக்கு வாய்த்தது ஒரு டீச்சர். ஐம்பதைத் தாண்டியவர். பாராட்டினால் வாய் வலிக்கும் என்று நினைப்பவர். நேற்று, "சார், கிளட்ச்ச மிதிக்கத்தான் சொன்னேன், கொல்லச் சொல்லல" என்றார்.

உன் மூன்று வண்டிகளைப் பற்றி அவரிடம் சொன்னேன். வேன் வேண்டாம் என்கிறார். டீசலுக்குப் பதில் பெட்ரோல் பார்க்கலாமே, மலையில் குளிருக்கு டீசல் உறைந்துபோகுமே என்றும் கேட்டார். நீ என்ன நினைக்கிறாய்?

அன்புடன்,
அத்தான்


மார்ச் 2

அன்புள்ள அத்தானுக்கு,

பரீட்சையில் பாஸ் என்று உங்கள் தங்கச்சி மூலம் கேள்விப்பட்டேன். வாழ்த்துகள். டீச்சருக்கும் என் வணக்கம். ரிவர்ஸ் எடுப்பதை அவர் பார்த்துக்கொள்ளட்டும், வண்டி பார்க்கும் வேலையை என்னிடம் விட்டுவிடச் சொல்லுங்கள். மலையில் உறையாமல் இருக்க ஊருக்கு ஊர் குளிர்கால டீசல் விற்கிறார்கள். இருபத்தெட்டு வருஷமாகக் கையில் கிரீஸோடு சாப்பிடுகிறவன் நான்.

அத்தான், வண்டி அமைந்துவிட்டது! மின்வாரியத்தில் கம்பி இழுக்கப் போய்வந்த பழைய வண்டி. இன்ஜினைப் பிரித்துப் பார்த்தேன், உள்ளே தங்கம். பின்னால் பாரம் தாங்குகிற லீஃப் ஸ்பிரிங் மட்டும் புதிதாகப் போட வேண்டும். டயர் எங்கேயும் கிடைக்கிற அளவு. பின் சீட்டைக் கழற்றிவிட்டுப் பலகை அடிக்கப்போகிறேன். அடியில் தண்ணீர் கேன், கருவிப்பெட்டி, உதிரி கிளட்ச் பிளேட். மேலே மெத்தை. கூரையில் பாரம் ஏற்றவே கூடாது, வளைவில் கவிழ்த்துவிடும்.

முக்கியமான ஒன்று. சில நாடுகளில் சாலையின் மறுபக்கம் ஓட்ட வேண்டும். அப்போது ஸ்டீயரிங் ஓரத்தில் மாட்டிக்கொள்ளும், முன்னால் போகிற லாரியைத் தாண்டி எதுவும் தெரியாது. பக்கத்து சீட்டில் இருப்பவர்தான் எட்டிப் பார்த்து "வரலாம்", "வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். நீங்கள் ஓட்டும்போது நான் கண், நான் ஓட்டும்போது நீங்கள். ஐந்து மாதம் அத்தான். ஐந்து மாதமும் பேசிக்கொண்டே போகலாம்.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 14

அன்பு மாப்பிள்ளைக்கு,

வண்டியின் படம் கிடைத்தது. நீ சொன்னபடி அலமாரிதான். எனக்குப் பிடித்திருக்கிறது. டீச்சரும் பார்த்துவிட்டு, "உங்க மச்சினருக்கு வேல தெரியுது" என்றார். அவர் வாயிலிருந்து இது வருவது சாதாரணமில்லை.

பின் சீட்டை மட்டும் இப்போதைக்குக் கழற்ற வேண்டாம். வழியில் யாரையாவது ஏற்ற வேண்டி வரலாம். நமக்கும் வயதாகிறது, ஒருவர் பின்னால் காலை நீட்டி உட்காரலாம். படுக்கக் கூடாரம் வாங்கிக்கொள்வோம். இருக்கட்டும், அவசரமில்லை.

அன்புடன்,
அத்தான்


மார்ச் 23

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைச் சாப்பிடும்போது உங்கள் தங்கச்சியிடம் படித்துக் காட்டினேன். "வயசான காலத்துல கூடாரமாம், பலகையில படுக்க மாட்டாராம்" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. குழம்பை ஊற்றிக்கொண்டே, "அந்தப் பின் சீட்டுல உக்கார ஆள் இருக்குங்க" என்றாள்.

"யாரு?"

"எத்தன கடுதாசியா படிச்சிக் காட்றீங்க. டீச்சர் சொன்னாங்க, டீச்சர் கேட்டாங்கன்னு. பரீட்ச முடிஞ்ச அப்புறமும் எதுக்கு டீச்சர்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அத்தானைப் பற்றி அப்படிப் பேசாதே என்று எழுந்து பட்டறைக்கு வந்துவிட்டேன். ஆனால் வந்ததிலிருந்து ஒரு போல்ட்டைக்கூட ஒழுங்காக முடுக்க முடியவில்லை. பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். மூன்றாவது முறை படிக்கும்போது அவள் சொன்னது எனக்கும் தெரிந்தது.

சுற்றி வளைக்கத் தெரியாதவன் நான். பின் சீட்டு யாருக்கு அத்தான்?

மாப்பிள்ளை


ஏப்ரல் 1

அன்பு மாப்பிள்ளைக்கு,

நீ கேட்கும் முன் நானே சொல்லியிருக்க வேண்டும். நாலு தடவை எழுதத் தொடங்கி, நாலு தடவையும் லீஃப் ஸ்பிரிங்கைப் பற்றி எழுதப் போய்விட்டேன்.

ஆம். டீச்சருக்குத்தான். அவர் கணவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அடுத்த மாதம் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடலாம் என்று இருக்கிறோம்.

எப்படி என்று சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் ஒரு நாள் பாலத்து ஏற்றத்தில் இன்ஜின் நின்றுவிட்டது. பின்னால் ஒரே ஹாரன். ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதுவிட்டேன். ஏற்றத்துக்காக அழவில்லை என்பது உனக்குத் தெரியும். டீச்சர் ஹேண்ட் பிரேக்கைப் போட்டார். இறங்கிப்போய்ப் பின்னால் நின்ற லாரிக்காரரிடம், "அஞ்சு நிமிஷம் ஆகும், சுத்திப் போங்க" என்றார். திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான். ஆனால் அதற்கப்புறம் வீட்டுக்குத் திரும்பி விளக்கைப் போடுவது கொஞ்சம் சுலபமாக இருந்தது.

உன் அக்கா இதற்குச் சம்மதித்திருப்பாள் என்று பொய் சொல்ல மாட்டேன். சம்மதித்திருக்க மாட்டாள். தட்டை எறிந்திருப்பாள். அது தெரிந்தும்தான் செய்கிறேன்.

மூன்று பேராகப் போவோம், மாப்பிள்ளை. நீ முன்னால் உட்கார். அவர் பின்னால் இருந்துகொள்வதாக அவரே சொல்கிறார். நீ இல்லாமல் இந்தப் பயணம் எனக்கு வேண்டாம்.

அத்தான்


மே 28

அன்புள்ள அத்தானுக்கு,

இரண்டு மாதம் எழுதாமல் இருந்தது கோபத்தில் என்று நினைத்திருப்பீர்கள். பாதி நாள் கோபம்தான். மீதி நாள், எனக்கு எதற்குக் கோபம் என்று புரியாமல் இருந்தேன்.

டீச்சர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. உங்கள் தங்கச்சி, "தனியா ஒரு மனுஷன் எத்தன நாளைக்குத்தான் செவுத்தப் பாத்துட்டு இருப்பாரு?" என்று கேட்டாள். நியாயம்தான். உங்களுக்குச் சமைக்க, பேச, உடம்பு முடியாவிட்டால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

ஆனால் அத்தான், அக்காவைப் பற்றிப் பேச எனக்கு இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் மிச்சம். அப்பா அம்மா இல்லை. உங்கள் தங்கச்சியை நான் கட்டிக்கொண்டு வந்தபோதே அக்காவுக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. அவள் சிரிப்பு, அவள் திட்டு, மழையில் கன்றுக்குட்டியைக் காரின் பின்னால் ஏற்றி வந்தது, இதையெல்லாம் பாதி சொன்னாலே மீதி புரிகிற ஆள் நீங்கள்தான். போனில் நம்மால் முடியவில்லை. சாலையில் முடியும் என்று நினைத்தேன். ஐந்து மாதமும் அவளைப் பற்றியே பேசிக்கொண்டு போகலாம் என்றுதான் அந்த வண்டியைத் தேடினேன். வண்டியில் மூன்றாவதாக ஒருவர் இருந்தால், அவர் மனசு நோகக் கூடாது என்று நாம் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டோம். நீங்களும் நல்லவர், நானும் கெட்டவன் இல்லை. அதனாலேயே எடுக்க மாட்டோம்.

நான் வரவில்லை. நீங்கள் இருவரும் போய்வாருங்கள். நான் இல்லை என்று நிறுத்திவிடாதீர்கள்.

வண்டியை என் பட்டறை டிரைவர் திங்கட்கிழமை கொண்டுவருவார். பின் சீட்டைக் கழற்றிப் பலகை அடித்துவிட்டேன். இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். டீசல் ஃபில்டர் ஆறு, ஃபேன் பெல்ட் மூன்று வைத்திருக்கிறேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கிளப்பாதீர்கள், இரண்டு நிமிஷம் ஓடவிடுங்கள். பிரேக் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் உடனே நிறுத்திப் பாருங்கள். சாலை பக்கம் மாறிய பிறகு, டீச்சர் பார்த்துச் சொல்லாமல் எந்த லாரியையும் முந்தாதீர்கள். இதை அவரிடமும் சொல்லுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை


ஆகஸ்ட் 17

அன்பு மாப்பிள்ளைக்கு,

ஜூனில் ஒரு கடிதம், ஜூலையில் ஒரு கடிதம் போட்டேன். கிடைத்திருக்கும். பதில் இல்லாததால் மூன்றாவதை எழுதுகிறேன்.

கண்டம் மாறிவிட்டோம். நடுவில் ஒரு கப்பலில் வண்டியை ஏற்றி இறக்கினோம். உன் வண்டி இதுவரை ஒரு முறைகூட மக்கர் செய்யவில்லை. ஒரு கணவாயில் புது வண்டிகள் வரிசையாகப் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றன, நம் அலமாரி முனகிக்கொண்டே ஏறிவிட்டது. டீச்சர் பார்த்துச் சொல்லாமல் நான் முந்துவதில்லை.

இங்கே ஒரு சின்ன ஊரில், விடுதி அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன். டீச்சர் துணி துவைக்கும் கடைக்குப் போயிருக்கிறார். நீ எழுதியது உண்மை. புறப்பட்ட நாளிலிருந்து உன் அக்காவைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. டீச்சர் கேட்டால் சொல்வேன். என் மனசு நோகக் கூடாது என்று அவர் கேட்பதில்லை.

உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். உன் அக்காவின் கடைசி வாரம், சனிக்கிழமை நீ வந்தபோது அவளுக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. சமையலறையில் வைத்து என்னிடம், "அக்கா ஏதாவது சொன்னாளா அத்தான்?" என்று கேட்டாய். இல்லை என்றேன்.

அதற்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை காலை அவள் கொஞ்சம் தெளிவாக இருந்தாள். "கார்ல ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்க" என்றாள். டாக்ஸி கூப்பிடுகிறேன் என்றேன். "வேணாம். நம்ம கார்ல" என்றாள். அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் உட்கார வைத்தேன். ஒரு போர்வையைவிட லேசாக இருந்தாள். சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்தேன். அது வரைக்கும்தான் எனக்குத் தெரியும். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியாமல் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வாசலிலேயே நின்றோம், அரை மணி நேரம் இருக்கும். அவள் எதிர்வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் போன மூன்றாவது வாரம் டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தேன். முதல் நாளே பயந்து ஓடிவந்துவிட்டேன். மறுபடி போக ஒரு வருஷம் ஆயிற்று. ஏன் கற்றுக்கொள்கிறேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. டீச்சரிடமும்தான். உன்னிடம் சொன்னால், ஒரு ரவுண்டு கூட்டிப்போகத் தெரியாத புருஷனா என்று உன் முகத்தில் தெரிந்துவிடும் என்று பயந்தேன். அதனால்தான் உனக்குச் சேர வேண்டியதையும் சேர்த்து மறைத்துவிட்டேன்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தபோது அவள் கதவில் காதை வைத்துக் கேட்டாள். "சத்தம் எவ்ளோ நல்லா இருக்கு பாருங்க. தம்பி நல்லா வெச்சிருக்கான்" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "போதும், நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினேன்.

அத்தான்