சும்மா கொடுத்த குதிரை

22.5.1994, ஞாயிறு. பாகலூர்.

மகளும் பேத்தியும் இன்னும் பத்து நாள் என்னோடு இருப்பார்கள். அதைச் செஸ் ஆடித்தான் வாங்கினேன். அவர்களைக் கிருஷ்ணகிரிக்கு அழைத்துப்போக வந்த சம்பந்திதான் பந்தயம் கட்டினார். பேக்டரியில் செக்கிங் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஆளுக்கு ஐந்து நிமிடம், நேரம் தீர்ந்து யாருடைய கடிகாரத்தில் சிவப்பு முள் விழுகிறதோ அவருக்குத் தோல்வி. நான் தோற்றால் சாயங்கால பஸ்ஸிலேயே இருவரும் அவரோடு கிளம்ப வேண்டும்.

நாலாவது நகர்த்தலிலேயே என் குதிரையைக் கொடுத்து ஒரே ஒரு சிப்பாயை வெட்டினேன்.

"என்னங்க சம்பந்தியம்மா, கண்ணு தெரியலையா?" என்றார்.

"நல்லாத் தெரியுது. நீங்க எடுங்க."

எடுத்தார். என் சிப்பாய்கள் துரத்தியதில் அவர் குதிரை ஒன்று புறப்பட்ட கட்டத்துக்கே திரும்பியது. அப்புறம் ஒவ்வொரு காயையும் தொடுவதற்கு முன் நெற்றியைத் தடவித் தடவி யோசித்தார். அவர் முள் விழுந்தது.

"அந்தக் குதிரையில என்ன சூது வெச்சீங்க?"

"டீ ஆறுது, குடிங்க" என்றேன்.

ஒரு சூதும் இல்லை. அது தப்பான நகர்த்தல். கடிகாரம் வைக்காமல் ஆடியிருந்தால் நான்தான் தோற்றிருப்பேன். ஆனால் எதையும் இரண்டு தடவை பார்க்காமல் விடமாட்டார் அவர். நிச்சயத்தன்று நான் போட்ட கையெழுத்தையே எல்லார் முன்னாலும் இரண்டு தடவை உற்றுப் பார்த்த மனிதர். பதினோரு வருடம் ஆகிறது.

பேத்தி என் மடியில் காலைப் போட்டுத் தூங்குகிறாள். நான் எழுந்தால் விழித்துக்கொள்வாள். விளக்கு எரியட்டும்.