பூஜ்ஜியம் போட்டுத் தேடிய மத்தியானம்

இன்று காலை ரத்ததான முகாமின் பட்டியலை அடிக்க உட்கார்ந்தபோது, உன் பழைய கீபோர்டிலிருந்து தைல வாசம் வந்தது. தலைவலிக்கு நீ பூசிக்கொள்வாயே, அதே தைலம். நீ இறந்துபோய் இரண்டு வருடமாகியும் அது போகவில்லை. சிரித்துவிட்டேன்.

அந்த மத்தியானத்தை உனக்குச் சொல்லவே வேண்டாம். நல்லம்பள்ளியிலிருந்து ஒருவர் போன் செய்தார். "என் சம்சாரத்துக்குப் பிரசவத்துல ரத்தம் நிறைய போயிடுச்சுங்க. ஓ நெகட்டிவ் வேணுமாம். யாராச்சும் இருக்காங்களாங்க?"

நாம் இருவரும் நடத்திய முப்பது முகாம்களின் பட்டியல் இருந்தது, முப்பது கோப்புகளாக. நான் "O negative" என்று தேடினேன். இரண்டு பேர். ஒருவர் பெங்களூரில் இருந்தார். மற்றவர் போன மாதம்தான் கொடுத்திருந்தார்.

"வேற யாரும் இல்லடி" என்றேன்.

"நீ தேடுனது ஒரு மாதிரி. அடிச்சவங்க எத்தனை மாதிரி அடிச்சிருப்பாங்க?" என்று என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாய். கறுப்புத் திரையில் grep என்ற தேடல் கட்டளையை அடித்து, தேட வேண்டிய ஒவ்வொரு மாதிரிக்கும் முன்னால் ஒரு -e போட்டாய். O neg, O-ve, O minus. ஒரே தட்டலில் அது முப்பது கோப்புகளையும் துழாவியது. அதே இரண்டு பேர்தான். நெற்றியைத் தேய்த்துக்கொண்டாய். பிறகு O எழுத்துக்குப் பதில் பூஜ்ஜியம் போட்டு, 0-ve என்று இன்னொன்றைச் சேர்த்தாய். புதிதாக ஒரே ஒரு வரி வந்தது: மாரண்டஹள்ளி, தக்காளி வியாபாரி.

"லோடு ஏத்திட்டு இருக்கேங்க. பரவால்ல, அதே வண்டியில வந்துடறேங்க" என்றார் அவர் போனில். தக்காளிப் பெட்டிகளோடு ஆஸ்பத்திரி வாசலிலேயே வந்து இறங்கினார்.

சாயங்காலம் போன் வந்தது. "பொண்ணு பொறந்திருக்குங்க! தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க!" நீ போட்ட கூச்சலில் பக்கத்துத் தையல் கடை அக்கா கத்தரிக்கோலோடு ஓடிவந்தார்.

பட்டியலில் அந்தப் பூஜ்ஜியத்தை அடித்தது யார் என்று பார்த்தால், நான்தான். "உன் தப்பத் தேடவே தனியா ஒரு ஆள் வேணும்டி" என்றாய்.

இப்போதெல்லாம் 'இல்லை' என்று சொல்ல எனக்கு நேரமாகிறது. இன்று வேலை முடிந்ததும் கோப்புகளில் உன் பெயரைத் தேடினேன். ஒன்பது வரி. நான் தப்பாக அடித்திருக்கக்கூடிய இரண்டு விதங்களையும் சேர்த்தேன். பதினொன்று. பதினொரு முறை நீயும் கை நீட்டிப் படுத்து ரத்தம் கொடுத்திருக்கிறாய். அந்த இரண்டு பிழைகளைத் திருத்த மனம் வரவில்லை. அவற்றைப் பார்க்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து நீ திட்டுவது கேட்கிறது.