எட்டு லட்சத்து நாற்பதாயிரம்

மார்ச் 3

பல் டாக்டரம்மாவின் பின்பால் மெஷின், கண்ணாடிக்கு அடியில் இரும்புப் பந்தைத் தட்டித் தட்டி ஸ்கோர் ஏற்றும் ஆட்டம், இன்று ரிப்பேருக்கு வந்தது. அவர் கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் நிற்பது. பல்லைப் பிடுங்க வந்தவர்கள் பயத்தை மறக்க ஆடுவார்களாம். நாற்பது வயது மெஷின், ஒரு மாதமாக உயிரில்லை. தூக்கி வந்த இரண்டு பேரும் ஷெட் கதவில் ஒரு இடி இடித்துவிட்டு, நான் கத்திய பிறகு பார்த்துத் தூக்கினார்கள்.

பின்பக்கப் பலகையைக் கழற்றினேன். நினைத்தது சரி. உள்ளே இருக்கும் பேட்டரி கக்கி வைத்திருக்கிறது. பச்சையாகப் பூத்து, போர்டில் அரை விரல் நீளத்துக்குச் செம்புக் கோடுகளைத் தின்றுவிட்டது. உடனே வெட்டியெடுத்துக் குப்பைக் கூடையில் போட்டேன். மெஷின் உள்ளே வந்ததும் முதலில் பேட்டரி, அப்புறம்தான் டீ. பதினெட்டு வருஷமாக இதுதான் என் சட்டம்.

மார்ச் 4

வினிகர், தண்ணீர், ஸ்பிரிட், மறுபடி வினிகர். ஷெட் முழுக்கப் புளிப்பு நாற்றம். என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டிவிட்டு வந்தவர், டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய்ச் சாப்பிட்டார்.

மார்ச் 5

அரித்துப்போன கோடுகளுக்குப் பதில் மெல்லிய வயர் பற்றவைத்து, புதுப் பேட்டரி மாட்டினேன். இந்தப் போர்டில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு உண்டு. கரண்ட் கொடுத்ததும் மெஷின் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். ஒவ்வொரு சோதனையிலும் தேறினால் விளக்கு ஒருமுறை சிமிட்டும். ஏழு சிமிட்டினால் உயிர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

இன்று நான்கு. முழிக்கவே மாட்டேன் என்றிருந்ததற்கு இது பரவாயில்லை.

மார்ச் 6

மதியம் டாக்டரம்மா வந்தார். மெஷினின் முன்கதவுச் சாவியைக் கொடுக்கத்தான் வந்ததாகச் சொன்னார். அவர் தம்பியின் சாவிக்கொத்து, பிளாஸ்டிக் பல் தொங்குவது, அப்படியே. தம்பி போன ஜூனில் இறந்துவிட்டாராம். மாரடைப்பு. நாற்பத்தொரு வயது.

அப்புறம்தான் வந்த விஷயத்தைச் சொன்னார். அந்த மெஷினில் தம்பி எடுத்த ஸ்கோர் இருக்கிறது. எட்டு லட்சத்து நாற்பதாயிரம். யாரும் ஆடாதபோது அந்த நம்பர் மேலே எரிந்துகொண்டிருக்கும். தினமும் காலையில் கிளினிக்கைத் திறந்ததும் அதைத்தான் முதலில் பார்ப்பாராம். போனில் போட்டோகூடக் காட்டினார்.

"மத்த லைட்டெல்லாம் எரியலன்னாலும் பரவாயில்லம்மா. அந்த நம்பர் மட்டும் போயிடக் கூடாது. இருக்குல்ல?"

நம்பரை ஞாபகத்தில் வைத்திருப்பதே அந்தப் பேட்டரிதான்.

"இருக்கும் டாக்டரம்மா," என்றேன்.

மார்ச் 7

ஏன் அப்படிச் சொன்னேன்? ஏன்?

போய்க் குப்பைக் கூடையைக் கிளறினேன். பேட்டரி ஏற்கெனவே செத்திருந்தால் நம்பரும் எப்போதோ போயிருக்கும், என் கையில் பாவம் இல்லை. மீட்டர் வைத்துப் பார்த்தேன். மூன்று புள்ளி நான்கு வோல்ட். உயிரோடுதான் இருந்திருக்கிறது சனியன். போர்டைத் தின்றுகொண்டே அந்த நம்பரையும் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. நான்தான் வெட்டினேன். எடுத்துத்தான் ஆக வேண்டும், சரி. எடுப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! பதினெட்டு வருஷத்தில் ஒருவரிடமும் கேட்டதில்லை. ஸ்கோரை யார் தேடப்போகிறார்கள் என்ற எண்ணம்தான். எல்லாம் தெரியும் என்கிற திமிர்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"அந்த நம்பரைத் திரும்பப் போட வழியே இல்லையா?"

இருக்கிறது. முன்கதவுக்கு உள்ளே ஒரு பட்டன். யாராவது எட்டாத உயரத்துக்கு ஸ்கோர் எடுத்துவிட்டால் மற்றவர்கள் ஆட மாட்டார்கள் என்று, கடைக்காரர்கள் குறைத்து வைப்பதற்காக வைத்தது. கூட்டவும் செய்யலாம்.

"அப்புறம் என்ன, போட்டுடு." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஆனா ஒண்ணு. கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான். நீ அவ்வளவு கெட்டிக்காரியும் இல்ல," என்றார்.

பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

மார்ச் 9

ஆறு சிமிட்டல். ஏழாவது வரவில்லை.

மார்ச் 10

ஆறு. எதையும் விடாமல் சோதித்துவிட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது, மெஷின் மட்டும் ஓட மாட்டேன் என்கிறது. கோபத்தில் ஸ்க்ரூடிரைவரை எறிந்தேன். அப்புறம் நானே குனிந்து தேடி எடுத்தேன்.

மார்ச் 11

கண்டுபிடித்தேன்! போர்டில் ஒன்றுமே இல்லை. வயர் வந்து சேரும் பிளக்கில், ஒரு ஊசியின் அடியில் ஈயம் முடி அளவுக்கு விரிசல் விட்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. அசைத்தால்தான் தெரியும். தொட்டுப் பற்றவைத்தேன். ஐந்து, ஆறு... ஏழு. விளக்குகள் எல்லாம் ஒரேயடியாக எரிந்தன. மணி அடித்தது. சின்னப்பிள்ளை மாதிரிக் கைதட்டினேன்.

மேலே நம்பர் இருக்கவேண்டிய இடத்தில் ஆறு பூஜ்யம்.

மார்ச் 12

சோதிப்பதற்காகப் பத்து ஆட்டம் ஆடினேன். 94,210. 1,37,460. 61,880. ஒன்றுகூட முழு ஆயிரத்தில் முடியவில்லை. பந்து இடிக்கிற இடத்துக்கெல்லாம் பத்தும் ஐம்பதுமாக ஏறினால் அப்படித்தான் வரும்.

அப்புறம் முன்கதவைத் திறந்து, மேலே ஏறியிருந்த என் ஸ்கோரைப் பூஜ்யமாக்கினேன். சும்மா பார்க்கத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பட்டனை ஒரு தட்டு. 10,000. இன்னொரு தட்டு. 20,000.

கையை எடுத்துவிட்டேன்.

எட்டு லட்சத்து நாற்பதாயிரம். கடைசியில் நான்கு பூஜ்யம். முன்கதவுச் சாவி யாரிடம் இருந்தது? இந்த நம்பரைத் தம்பி ஆடி எடுக்கவில்லை. என்னை மாதிரியே இங்கே மண்டியிட்டு உட்கார்ந்து, எண்பத்து நான்கு முறை தட்டியிருக்கிறார்.

அப்படியென்றால் நான் தட்டினாலும் அதே நம்பர்தானே, அதே பட்டன்தானே? — இல்லை. அவர் செய்தது அக்கா தம்பிக்குள். நான் செய்தால் அது வேறு.

என் தப்பைச் சொல்லிவிட வேண்டும். அவருடையதைச் சொல்லக் கூடாது. செத்தவரைக் காட்டிக்கொடுக்க நான் யார்? நம்பரைத் திரும்பப் பூஜ்யத்துக்கு இறக்கிக் கதவை மூடினேன்.

மார்ச் 14

எட்டாவது நாள். வீட்டுக்காரர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்.

டாக்டரம்மா உட்காரும் முன்பே சொல்லிவிட்டேன். அவர் நின்றபடியே கேட்டார்.

"எடுக்கும்போது அந்தப் பேட்டரி வேலை செஞ்சிட்டிருந்ததா?"

அங்கேயும் ஒரு பொய்க்கு இடம் இருந்தது. "செஞ்சிட்டுதான் இருந்தது," என்றேன்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டிருக்கணும். தப்பு என்னோடதுதான்."

வெகுநேரம் அந்தப் பூஜ்யங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"திரும்ப எழுத முடியாதா?"

"முடியும். நான் போட்டு வைக்கிறேன், நீங்க நாளைக்கு வாங்க—"

"காட்டுங்க. நானே போடறேன்."

எவ்வளவோ சமாளித்துப் பார்த்தேன். கேட்கவில்லை. புடவையை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தார். பத்தாயிரம், இருபதாயிரம், முப்பதாயிரம். ஒரு லட்சத்து இருபதாயிரத்தில் விரல் நின்றது.

"பத்துப் பத்தாயிரமாதான் ஏறுமா?"

"ஆமா."

"ஆடினா இப்படி முழுசா வருமா?"

நான் கீழே கிடந்த வயரைச் சுருட்டினேன்.

"சாவி அவன்கிட்டதானே இருந்தது," என்றார் மெதுவாக. அப்புறம், "அட திருட்டுப் பயலே!"

சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்தவே முடியவில்லை. "மூணு வருஷம்மா! அவனைத் தாண்டணும்னு மூணு வருஷம் ஆடியிருக்கேன். 'பல்லு புடுங்கற கைக்குப் பந்து நிக்காதுக்கா'ன்னு நக்கல் வேற!" சிரிப்பு எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

போகும்போது சாவிக்கொத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "மெஷினை அனுப்பிடுங்க. நம்பரை அங்க போய் நான் பார்த்துக்கறேன்."

மார்ச் 15

ஷெட் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தேன்: பேட்டரியை எடுக்கும் முன் கேள்.

மே 22

மூன்று நாளாகக் கடைவாய்ப் பல் வலி. வேறு வழியில்லாமல் கிளினிக்குக்குப் போனேன். காத்திருக்கும் அறையில் மெஷின் ஜம்மென்று நின்றது. கன்னம் வீங்கிய ஒருவர் ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஆடிக்கொண்டிருந்தார். பந்து விழுந்ததும் அந்த நம்பர் மேலே எரிந்தது.

8,50,000.

"யாருங்க இவ்வளவு எடுத்தது?" என்றார் வாயைத் திறக்க முடியாமல்.

டாக்டரம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார், நம்பரைப் பார்த்தார். கண் இமைக்கவில்லை.

"நான்தான். ஒருத்தன் ரொம்ப நாளா எனக்கு முன்னாடி இருந்தான், தாண்டிட்டேன்," என்றார். "அடுத்தது யாரு?"